பட்டன் இருக்கிறதே, போதாதா? மலையில் ஓடும் கார் டயரின் பக்கவாட்டு எழுத்துகள்

2021-இல் கோயம்புத்தூரில் ஒரு பழைய கார் வாங்கினேன். 2013 மாடல், ஒரே ஓனர், 22,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. வயதானவர் ஒருவர் வாரம் ஒருமுறை கோவிலுக்கு எடுத்துப்போன வண்டி என்றார்கள். குனிந்து டயரைப் பார்த்தேன். பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர் மேடு, பாதிக்கு மேல் இருந்தது, நகத்தை விட்டுப் பார்த்தால் நல்ல ஆழம். திருப்தியாகப் பணத்தைக் கட்டிவிட்டு வண்டியைக் கோத்தகிரிக்கு ஏற்றி வந்துவிட்டேன்.

மூன்றாவது மாதம் குடும்பத்தோடு மேட்டுப்பாளையம் இறங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்து ஸ்டியரிங்கைத் திருப்பும் நேரத்தில் இடது முன் டயர் பக்கவாட்டில் பிளந்தது. வேகம் இருபதைத் தாண்டவில்லை, ஒதுங்கவும் இடம் இருந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பஞ்சர் கடைக்காரர் ஒருவரை போன் போட்டு வரவழைத்தோம். வந்தவர் கிழிந்த இடத்தைப் பார்க்கக்கூட இல்லை, டயரைக் கழற்றிப் புரட்டி உள்பக்கத்தைத் துடைத்து, ஒரு நீள்வட்டக் கட்டத்துக்குள் இருந்த நான்கு எண்களைக் காட்டினார். 2313.

"இது ஓடித் தேஞ்ச டயர் இல்லைங்க சார், கெழடான டயருங்க. 2013-ல இருபத்து மூணாவது வாரம் செஞ்சது. எட்டு வருசமாச்சு பாருங்க."

அன்றிலிருந்து டயரின் பக்கவாட்டில் இருக்கும் ஒவ்வொரு எழுத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று உட்கார்ந்தேன். தெரிந்துகொண்டபின் ஒன்று புரிந்தது: சமவெளியில் ஓட்டுபவருக்கு எது முக்கியமோ அதே வரிசை மலையில் ஓட்டுபவருக்குப் பொருந்தாது. டயர் நல்லதா என்று கேட்டால் நாம் எல்லோரும் பட்டனைத்தான் பார்க்கிறோம். மலையில் முதலில் பார்க்க வேண்டியது அந்த நான்கு எண்களை.

அந்த எண்கள் டாட் என்ற குறியீட்டின் கடைசியில் வரும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் பெயர்ச் சுருக்கம் அது. அங்கே விற்பதற்காக வந்த வழக்கம், இன்று இந்தியாவில் விற்கும் பெரும்பாலான கார் டயர்களிலும் இருக்கிறது. முன்னால் வரும் எழுத்துகள் தொழிற்சாலையையும் அளவையும் குறிப்பவை, நமக்கு அவ்வளவு வேலையில்லை. கடைசி நான்கில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 0724 என்றால் 2024-இன் ஏழாவது வாரம், அதாவது பிப்ரவரி நடுவில். 2000-க்கு முன் செய்த டயர்களில் மூன்று எண்கள்தான் இருந்தன, அப்படி ஒன்றை யாராவது விற்க வந்தால் பேச்சே வேண்டாம்.

டயர் நின்ற இடத்திலேயே கிழடாவது எப்படி? காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல மெல்ல மாற்றி, அறுத்து, அதன் வளைந்துகொடுக்கும் தன்மையைக் குறைக்கின்றன. அதைத் தடுக்கத்தான் தயாரிக்கும்போதே மெழுகும் சில வேதிப்பொருள்களும் கலக்கிறார்கள். டயர் உருளும்போது பக்கவாட்டு மடங்கி விரியும், அந்த அசைவில் மெழுகு உள்ளிருந்து மேலே கசிந்து ஒரு படலமாகப் படிந்து காக்கும். ஆக, ஓடுகிற டயர்தான் தன்னைக் காத்துக்கொள்கிறது. போர்ட்டிகோவில் வாரக்கணக்கில் நிற்கும் கார் டயருக்கு இந்தப் பாதுகாப்பு சரியாகக் கிடைக்காமல் மயிரிழை போன்ற வெடிப்புகள் விழ ஆரம்பிக்கும். உயரம் கூடக்கூட புற ஊதாக் கதிரும் கூடும், ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஊட்டியில் குளிராக இருப்பதால் வெயில் டயரை ஒன்றும் செய்யாது என்று நினைப்பது தவறு. இங்கே ஓய்வு பெற்றவர்களின் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் கார்கள் எத்தனை இருக்கின்றன! அவற்றின் டயர்கள் பட்டன் தேய்ந்து சாவதில்லை, வயதாகித்தான் சாகின்றன.

எத்தனை ஆண்டு வரை ஓட்டலாம் என்பதில் எல்லோரும் ஒரே எண்ணைச் சொல்வதில்லை. சில கார் நிறுவனங்கள் ஆறு ஆண்டுகளில் மாற்றச் சொல்கின்றன, மிஷ்லின் போன்ற டயர் நிறுவனங்கள் ஐந்து ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் பரிசோதிக்கவும், எப்படியிருந்தாலும் பத்து ஆண்டில் தூக்கிப் போடவும் சொல்கின்றன. என் கருத்து: தினமும் மலை இறங்கி ஏறுபவர் ஆறோடு நிறுத்திக்கொள்வது நல்லது. புது டயர் வாங்கும்போதும் அந்த நான்கு எண்களைப் பார்த்துவிட்டே மாட்டச் சொல்லுங்கள். விற்பனை மெதுவாக நடக்கும் கடைகளில் இரண்டு வருடம் ரேக்கில் இருந்த சரக்கு 'புதுசு' என்று வரலாம்.

அடுத்தது அளவு. என் காரின் டயரில் இருந்தது 165/80 ஆர்14 85டி. ஆர் என்றால் ரிம் என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை, அது ரேடியல். 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கவாட்டின் உயரம், ஆனால் மில்லிமீட்டர் இல்லை, அகலத்தில் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. 165-இல் 80 சதவீதம் 132 மில்லிமீட்டர். 14 மட்டும் ரிம்மின் விட்டம், அது அங்குலத்தில். ஒரே வரிசையில் மூன்று வகை அளவு கலந்திருப்பதால்தான் குழப்பம்.

கூட்டிப் பாருங்கள். 14 அங்குலம் 355.6 மில்லிமீட்டர், மேலும் கீழும் இரண்டு பக்கவாட்டு சேர்த்து 264, மொத்தம் 619.6 மில்லிமீட்டர் டயரின் முழு உயரம். அதே காரின் விலை கூடிய வேரியன்ட்டில் 185/65 ஆர்15 வரும், அதற்குப் போட்டுப் பார்த்தால் 621.5. ரிம் பெரிதானாலும் டயரின் மொத்த உயரம் கிட்டத்தட்ட அதே. தயாரிப்பவர்கள் வேண்டுமென்றே அப்படி வைக்கிறார்கள், ஏனென்றால் ஸ்பீடோமீட்டரும் கியர் கணக்கும் அந்த உயரத்தை நம்பித்தான் இருக்கின்றன.

இங்கேதான் நம் பையன்கள் தப்பு செய்கிறார்கள். வண்டி தூக்கலாகத் தெரிய வேண்டும் என்று 165/80-ஐக் கழற்றிவிட்டு 185/80 ஆர்14 போட்டால் உயரம் 651.6 ஆகிவிடும், ஐந்து சதவீதம் கூடுதல். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-இல் போகும், அது சின்ன விஷயம். பெரிய விஷயம், ஒவ்வொரு கியரும் ஐந்து சதவீதம் நீண்டுவிட்டதற்குச் சமம், அதாவது சக்கரத்துக்கு வரும் இழுவை அந்த அளவுக்குக் குறையும். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறும் 36 கொண்டை ஊசி வளைவுகளில், ஆள் நிரம்பிய சின்ன எஞ்சின் கார் இரண்டாவது கியரில் திணறி முதல் கியருக்கு வருவதை அப்போது பார்க்கலாம். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் காற்று மெலிந்து எஞ்சினே சமவெளி இழுவையைத் தருவதில்லை, அதோடு இதுவும் சேர்ந்துகொள்ளும்.

இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு, அது இன்னும் ஆபத்து. 165/70 ஆர்14 அதே ரிம்மில் உட்காரும், விலையும் கொஞ்சம் குறையலாம், அகலம் அதேதானே என்று தோன்றும். ஆனால் அதன் கடைசி எண்ணைப் பாருங்கள், பெரும்பாலும் 81 என்றிருக்கும். என்னுடையதில் 85.

அந்த எண் எடைக் குறியீடு. கிலோ கணக்கு நேராக அதில் இல்லை, ஒரு அட்டவணையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்: 81 என்றால் 462 கிலோ, 85 என்றால் 515, 88 என்றால் 560, 91 என்றால் 615. ஒரு டயர் தாங்கும் எடை அது, அதுவும் காற்று சரியாக இருந்தால் மட்டும். 81-ஐப் போட்டால் ஒவ்வொரு சக்கரத்திலும் 53 கிலோ தாங்கும் திறன் போய்விட்டது. நான்கு டயரையும் பெருக்கிப் பார்த்து, கார் எடையைவிட அதிகமாகத்தானே இருக்கிறது என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. நேரான சாலையில் வேண்டுமானால் எடை ஓரளவு சமமாகப் பிரியும். இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வளையும்போது வண்டியின் எடை முன்னாலும், வளைவின் வெளிப்பக்கமும் சாய்கிறது, ஒரே ஒரு டயர் தன் பங்குக்கு மேல் சுமக்கிறது. ஐந்து பேர், டிக்கி நிறையப் பை, மேலே கேரியர், இவற்றோடு பர்லியார் பக்கம் இறங்கும் கார்களில் முன் டயரின் வெளி ஓரம் எப்படிப் பிதுங்குகிறது என்று பின்னால் வரும்போது கவனியுங்கள். அதனால் மாற்றும்போது எடைக் குறியீடு பழையதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கலாம், ஒருபோதும் குறையக்கூடாது. எக்ஸ்எல் என்று தனியாக எழுதியிருந்தால் அதே அளவில் கூடுதல் எடை தாங்குமாறு பலப்படுத்திய டயர் என்று பொருள்.

கேரட் மூட்டை ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் பிக்கப் வண்டிகளின் டயரில் இந்த எண் இரட்டையாக இருக்கும், 195 ஆர்14சி 106/104 என்பதுபோல. தனிச் சக்கரமாகப் போட்டால் 950 கிலோ, பின்னால் ஜோடியாகப் போட்டால் ஒவ்வொன்றும் 900 கிலோ. 8பிஆர் என்றும் போட்டிருக்கும். எட்டு அடுக்கு நூல் உள்ளே இருக்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை, பழைய நூல் டயர்களின் எட்டு அடுக்குக்குச் சமமான பலம் என்பது மட்டுமே.

எண்ணுக்குப் பின் வரும் எழுத்து வேகத்துக்கு. எஸ் 180, டி 190, எச் 210, வி 240 கிலோமீட்டர். காட் ரோட்டில் நாற்பதைத் தொடுவதே அபூர்வம், அதனால் இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கீழே இறங்கி சேலம் நெடுஞ்சாலையில் போகிறவர் கார் நிறுவனம் சொன்ன எழுத்துக்குக் குறைத்துப் போடவேண்டாம்.

பலரும் கவனிக்காத ஒரு வரி பக்கவாட்டில் மிகச் சின்ன எழுத்தில் இருக்கும், உள்ளே எத்தனை அடுக்கு என்று சொல்லும் வரி. சாதாரண கார் டயரில் தரையைத் தொடும் பகுதிக்கு பாலியஸ்டர் ஒன்று, ஸ்டீல் இரண்டு, நைலான் ஒன்று என்றிருக்கும். பக்கவாட்டுக்கு பாலியஸ்டர் ஒன்று. அவ்வளவுதான். நாம் கை வைத்து அழுத்திப் பார்க்கும் அந்தச் சுவருக்குள் ஒரே ஒரு அடுக்கு நூல். மிஷ்லின் 1946-இல் காப்புரிமைக்குக் கொண்டுபோன ரேடியல் அமைப்பின் அடிப்படையே இதுதான்: பக்கவாட்டு மென்மையாக வளைந்துகொடுக்க வேண்டும், அதனால் வளைவிலும் கீழ்ப்பகுதி தரையில் தட்டையாகப் படிந்திருக்க வேண்டும். மலை வளைவுக்கு இது வரம், ஆனால் பக்கவாட்டில் ஆணி ஏறினாலோ கல் கிழித்தாலோ பேட்ச் போட முடியாது என்பதற்கும் இதுவே காரணம். பந்துபோல எங்காவது புடைத்திருந்தால் அந்த ஒற்றை அடுக்கில் சில நூல்கள் அறுந்துவிட்டன என்று அர்த்தம், அந்த டயரோடு ஒரு வளைவுகூட இறங்கக்கூடாது.

காற்று விஷயத்துக்கு வருவோம், மலையில் இதில்தான் வாதம் அதிகம். பக்கவாட்டில் 'மேக்ஸ் பிரஷர் 44 பிஎஸ்ஐ' என்று எழுதியிருப்பதைப் பார்த்து அதுதான் அடிக்க வேண்டிய அளவு என்று நினைக்கிறார்கள். அது அந்த டயருக்கான உச்ச வரம்பு. உங்கள் காருக்கு எவ்வளவு என்பது டயரில் இல்லை, டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கராக இருக்கும், ஆள் நிறைய ஏறினால் எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கும். 44 அடித்தால் டயர் நடுவில் பிதுங்கித் தரையைத் தொடும் பரப்பு சுருங்கிவிடும். தேயிலைத் தோட்டத்துப் பாதையிலிருந்து செம்மண் வழிந்து தார் மேல் படிந்திருக்கும் ஐப்பசி மழையில் அது எப்படி வழுக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மலை ஏறினால் டயரில் காற்று கூடிவிடும், கொஞ்சம் எடுத்துவிட வேண்டும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். குளிரில் குறைந்துவிடும், கொஞ்சம் சேர்க்க வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே உண்மை, அதனாலேயே இரண்டும் தேவையில்லை! கேஜ் காட்டுவது உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர் சொச்சம், அங்கே வெளிக்காற்று சுமார் 14 பிஎஸ்ஐ. ஊட்டி 2,240 மீட்டர், அங்கே 11 பிஎஸ்ஐ சொச்சம். உள்ளே ஒரு மாற்றமும் இல்லாமலேயே கேஜ் மூன்று கூட்டிக் காட்டும். அதே நேரம் 32 டிகிரி வெப்பத்திலிருந்து 12 டிகிரிக்கு வந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி மூன்று பிஎஸ்ஐ குறையும். கூடியதும் குறைந்ததும் சரிக்குச் சரி. ஊட்டியில் காலைக் குளிரில் 33 அடித்துக்கொண்டு கீழே இறங்கினாலும் இதே கணக்கு தலைகீழாக நடந்து, வண்டி ஆறிய பின் கிட்டத்தட்ட 33-தான் இருக்கும். உண்மையில் தப்பு நடப்பது வேறு இடத்தில்: ஏறி வந்த உடனே, டயர் சூடாக இருக்கும்போதே கேஜை வைத்து, அதிகமாகக் காட்டுகிறதே என்று காற்றைப் பிடுங்கிவிடுகிறார்கள். மறுநாள் காலையில் அந்த டயர் வேண்டியதைவிடக் குறைந்த காற்றோடு நிற்கும், பக்கவாட்டு அதிகமாக மடங்கும், சூடாகும். வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு பார்ப்பதுதான் சரி.

சில டயர்களில் ட்ரெட்வேர் 300, ட்ராக்ஷன் ஏ, டெம்பரேச்சர் ஏ என்றும் இருக்கும். இதுவும் அமெரிக்க வழக்கம். ட்ரெட்வேர் எண்ணுக்கு டெக்சாஸில் சான் ஆஞ்சலோ அருகே 400 மைல் சுற்றுப் பாதையில் மொத்தம் 7,200 மைல் ஓட்டி, 100 என்று வைத்துக்கொண்ட ஒரு டயரோடு ஒப்பிடுகிறார்கள். 300 என்றால் அதைவிட மூன்று மடங்கு மெதுவாகத் தேயும் என்று நிறுவனமே மதிப்பிட்டுப் போடும் எண். கடைக்காரர் இதைக் காட்டித்தான் விற்பார். நான் சொல்வது, ட்ராக்ஷன் என்ற எழுத்து நனைந்த தரையில் நேர்கோட்டில் பிரேக் பிடித்துச் சோதித்ததற்கு மட்டும். வளைவில் எப்படிப் பிடிக்கும் என்பதை அந்தச் சோதனை பார்ப்பதே இல்லை. குன்னூர் சாலையில் நமக்கு வேண்டியதோ அதுதான். பொதுவாக ரொம்ப நாள் உழைக்கும்படி செய்த ரப்பர் கொஞ்சம் கெட்டியாக இருக்கும், ஈரத்தில் ஒட்டிப் பிடிக்கும் ரப்பர் மென்மையாக இருந்து சீக்கிரம் தேயும். பெரிய எண்ணைப் பார்த்து மயங்காமல் ஈரப் பிடிமானத்துக்குப் பெயர் வாங்கிய டயரை மலைக்காரர்கள் எடுப்பது நல்லது.

ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் இருக்க வேண்டும். 2009-இல் வந்த தரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி அது இல்லாத கார் டயரை இங்கே விற்கவே கூடாது. வட்டத்துக்குள் இ என்ற எழுத்தும் ஒரு எண்ணும் இருந்தால் ஐரோப்பிய ஒப்புதல், எண் எந்த நாடு ஒப்புதல் கொடுத்தது என்பதைக் காட்டும், 4 என்றால் நெதர்லாந்து. எம்+எஸ் என்றால் சேறும் பனியும். தலைக்குந்தாவில் புல் மேல் உறைபனி படிந்த படத்தைப் பார்த்துவிட்டு இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம், அது பெரும்பாலும் பட்டனின் வடிவத்தை வைத்துப் போடும் எழுத்து. உண்மையிலேயே பனியில் சோதித்த டயருக்கு மூன்று சிகர மலைக்குள் பனிச்செதில் வரைந்த படம் இருக்கும், நமக்கு அதுவும் வேண்டியதில்லை.

அம்புக்குறியோடு 'ரொட்டேஷன்' என்று இருந்தால் அந்தப் பக்கமாகத்தான் உருள வேண்டும். 'அவுட்சைடு' என்று இருந்தால் அந்த எழுத்து வெளியே தெரிய வேண்டும். பேலன்சிங் முடிந்து வண்டியை எடுக்கும்போது இதை மட்டும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுங்கள். மாற்றி மாட்டினால் தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய வாய்க்கால் உள்ளே இழுக்கும்.

பட்டனுக்கும் பக்கவாட்டில் ஒரு அடையாளம் உண்டு, டிடபிள்யூஐ என்ற எழுத்து அல்லது ஒரு சின்ன முக்கோணம். அதற்கு நேர் மேலே வாய்க்காலுக்குள் பார்த்தால் குறுக்கே ஒரு சிறு மேடு தெரியும், உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் சட்டப்படியே அந்த டயர் முடிந்தது. புது டயரில் ஏழெட்டு மில்லிமீட்டர் இருக்கும். மூன்றுக்கு வரும்போதே நான் மாற்றிவிடுவேன், மழையும் மூடுபனியும் சேர்ந்த நாளில் 1.6 வரை காத்திருக்க எனக்கு மனம் வராது. வெளி ஓரத்தையும் பாருங்கள், வளைவுகளில் தேய்வது அங்கேதான், நடுவில் பட்டன் இருக்கும்போதே ஓரம் மொழுக்கென்று ஆகியிருக்கும்.

இதையெல்லாம் படிக்க மலை வண்டிகளில் ஒரு சிரமம் உண்டு. ஏறி வரும் வண்டிக்கு வழிவிட நாம் இடது ஓரம் ஒதுங்குகிறோம், சாக்கடை விளிம்பிலும் கைப்பிடிச் சுவரிலும் உரசி உரசி இடது பக்க டயர்களின் எழுத்து அழிந்துபோயிருக்கும். வலது டயரில் பாருங்கள். தேதி எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் முழுசாக இருக்கும், மறுபக்கத்தில் அந்த நான்கு எண்கள் இருக்காது. என் காரில் நான்கு டயரிலும் தேதி இருக்கும் பக்கம் உள்பக்கமாக மாட்டப்பட்டிருந்தது, அதனால்தான் வாங்கும்போது கண்ணில் படவில்லை. முன் சக்கரத்துக்கு ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி, பின் சக்கரத்துக்கு அடியில் கை விட்டு, டார்ச்சைப் போட்டு மொபைலில் படம் எடுத்தால் போதும்.

அன்று கோத்தகிரி சாலையில் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை எடுத்தோம். ஒருமுறைகூடத் தரையைத் தொடாத டயர், பக்கத்தில் இருக்கும் மயிர்போன்ற ரப்பர் முள்கள்கூட உதிராமல் இருந்தன, பட்டன் முழுசாக இருந்தது. கடைக்காரர் அதையும் புரட்டினார். அதே 2313.

"மெதுவாப் போங்க சார், மேட்டுப்பாளையம் வரைக்கும்தான்" என்று சொல்லி மாட்டிவிட்டார். முன்னால் உட்கார்ந்திருந்த மனைவியைக் குழந்தைகளோடு பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டு, இரண்டாவது கியரிலேயே இறங்கினேன். கீழே போய் நான்கு டயர் வாங்கினேன், ஐந்தாவதை அடுத்த மாதச் சம்பளத்தில் வாங்கி ஸ்டெப்னியாகப் போட்டேன்.